மாயச் சதுரம் போட எல்லா அளவுக்கும் ஒரே வழி கிடையாதா?

கேள்வி இதுதான்: 3×3 மாயச் சதுரம் (1 முதல் எல்லா எண்ணையும் ஒரு தடவை மட்டும் எழுதி, எந்த வரிசை, நெடுவரிசை, மூலைவிட்டத்தைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் சதுரம்) போடத் தெரியும், 4×4, 5×5, 6×6 என்று போனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வழி சொல்கிறார்களே, ஒரே வழியாக எதுவும் இல்லையா?

எளிதாகக் கையில் போடுகிற மாதிரி ஒரே வழி எனக்குத் தெரிந்து இல்லை. பழக்கத்தில் இருப்பவை மூன்று வழிகள்: ஒற்றைப்படைக்கு ஒன்று, 4-ஆல் வகுபடும் அளவுகளுக்கு ஒன்று, 6, 10, 14 மாதிரி 2-ஆல் வகுபட்டு 4-ஆல் வகுபடாத அடங்காப்பிடாரிகளுக்கு ஒன்று. 2×2 மட்டும் எந்த வழியிலும் வராது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் கூட்டுத்தொகை. 5×5 என்றால் 1 முதல் 25 வரை எல்லாவற்றையும் கூட்டினால் 325, ஐந்து வரிசைக்குப் பங்கு போட்டால் 65. இதே கணக்கில் 3-க்கு 15, 4-க்கு 34, 6-க்கு 111, 8-க்கு 260.

ஒற்றைப்படைக்கான வழி பலருக்கும் தெரிந்ததுதான். மேல் வரிசையின் நடுக்கட்டத்தில் 1. அடுத்த எண் ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் வலப்பக்கம். மேலே தாண்டிப் போனால் அதே நெடுவரிசையின் அடியில் வந்து விழும், வலப்பக்கம் தாண்டினால் அதே வரிசையின் இடது ஓரத்தில் விழும். போகவேண்டிய கட்டத்தில் ஏற்கெனவே எண் இருந்தால், கடைசியாக எழுதிய எண்ணுக்கு நேர் கீழே எழுதிவிட்டுப் பழையபடி தொடரலாம். 1687-இல் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) தூதராகப் போன லா லூபேர் என்ற பிரெஞ்சுக்காரர் இதைத் தெரிந்துகொண்டு திரும்பியதால் ஐரோப்பாவில் இதற்குச் சயாமிய முறை என்றே பெயர். 5×5 இப்படி வரும்:

17 24 1 8 15
23 5 7 14 16
4 6 13 20 22
10 12 19 21 3
11 18 25 2 9

இதைக் கற்றுக்கொண்ட ஜோரில் நான் அப்படியே 6×6-க்கும் போட்டுப் பார்த்தேன். எங்கேயும் சிக்கிக்கொள்ளாமல் 36 வரை அழகாக நிரம்பியது. நெடுவரிசைகளைக் கூட்டினேன், ஆறும் 111. அடடா, எல்லாரும் சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வரிசைகளைக் கூட்டினால் 108, 114, 108, 114 என்று ஒன்று விட்டு ஒன்று மாறி மாறி வருகிறது! கூட்டலில்தான் தப்பு என்று மூன்று தடவை கூட்டினேன்.

தப்பு கூட்டலில் இல்லை. ஆறு எண் எழுதியதும் ஒரு முட்டு வந்து கீழே இறங்குகிறோம் இல்லையா, அப்போது அடுத்த ஆறு எண்கள் தொடங்கும் இடம் முந்தைய தொடக்கத்துக்கு இரண்டு வரிசை கீழே போய்விடுகிறது. 1, 3, 5-ஆம் வரிசைகள், மறுபடியும் 1, 3, 5. இரட்டைப்படை வரிசைகளில் எந்தத் தொடக்கமும் விழுவதே இல்லை. 5×5-இல் இதே இரண்டிரண்டு தாவல் 1, 3, 5, 2, 4 என்று எல்லா வரிசையையும் தொட்டுவிடுகிறது. ஒற்றைப்படைக்கு மட்டும் இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்று எனக்கு உறைத்தது அந்தத் தோல்வியில்தான், அதனால் நீங்களும் ஒருதடவை 6×6-இல் இதைப் போட்டுப் பாருங்கள் என்றே சொல்வேன்.

சரி, 4×4. இருப்பதிலேயே சுலபம் இதுதான். 1 முதல் 16 வரை வரிசையாக எழுதிவிட்டு, இரண்டு மூலைவிட்டங்களிலும் இருக்கும் எண்களை மட்டும் 17-இலிருந்து கழித்து எழுதுங்கள். முடிந்தது.

16 2 3 13
5 11 10 8
9 7 6 12
4 14 15 1

முதல் வரிசை 1, 2, 3, 4 என்று இருந்தபோது கூட்டுத்தொகை 10, அதாவது 24 குறைவு. 1 போய் 16, 4 போய் 13 வந்ததும் அந்த 24 அப்படியே வந்து சேர்கிறது. நடு இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றினால் கடைசி வரிசை 4, 15, 14, 1 ஆகும். ஆல்பிரெக்ட் டியூரர் 1514-இல் செதுக்கிய மெலன்கோலியா என்ற செப்புத்தகட்டு ஓவியத்தில் இருக்கும் சதுரம் அதுவேதான், நடுவில் வருடமும் வந்து உட்கார்ந்துகொண்டது. 8×8 என்றால் நான்கு 4×4 துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டின் மூலைவிட்டங்களிலும் இதையே செய்யுங்கள், கழிப்பது மட்டும் 65-இலிருந்து.

இப்போது 6×6. நான்கு 3×3 துண்டுகளாக வெட்டி, எல்லாத் துண்டிலும் உங்களுக்குத் தெரிந்த அதே 3×3 சதுரத்தை (8 1 6, 3 5 7, 4 9 2) போடுங்கள். மேல் இடப்பக்கத் துண்டில் அப்படியே, கீழ் வலப்பக்கத்தில் 9 கூட்டி, மேல் வலப்பக்கத்தில் 18 கூட்டி, கீழ் இடப்பக்கத்தில் 27 கூட்டி. இப்போதே நெடுவரிசை எல்லாம் 111 வந்துவிடும். ஆனால் மேல் மூன்று வரிசைகளும் 84, கீழ் மூன்றும் 138.

இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் "இந்த மூன்று கட்டங்களை மாற்று" என்று கட்டளை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஏன் என்று பாருங்கள். ஒவ்வொரு மேல் வரிசைக்கும் 27 குறைகிறது, இடப்பக்கத்தில் மேலே இருக்கும் எண்ணுக்கும் கீழ்த்துண்டில் அதே இடத்தில் இருக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசமும் 27. ஆக வரிசைக்கு ஒரு ஜோடியை மேலும் கீழுமாக மாற்றினால் போதும், நெடுவரிசைக்கு ஒன்றும் ஆகாது. எந்தக் கட்டம் என்பதை மூலைவிட்டங்கள் முடிவு செய்யும். ஒன்றில் 57 வருகிறது, 54 குறைவு; மற்றதில் 165, 54 அதிகம். அப்படியென்றால் துண்டின் இரண்டு மூலைவிட்டங்களிலும் இரண்டிரண்டு கட்டங்கள் மாறவேண்டும், ஆனால் மாற்றுவது மொத்தமே மூன்று கட்டங்கள். இரண்டுக்கும் பொதுவான நடுக்கட்டத்தை எடுத்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். முதல் வரிசையில் முதல் கட்டம், இரண்டாவதில் நடுக்கட்டம், மூன்றாவதில் மறுபடி முதல் கட்டம்:

35 1 6 26 19 24
3 32 7 21 23 25
31 9 2 22 27 20
8 28 33 17 10 15
30 5 34 12 14 16
4 36 29 13 18 11

10×10-க்கும் இதே கதை, 5×5 துண்டுகளில் 25, 50, 75 கூட்டி. இடப்பக்கத் துண்டுகளில் வரிசைக்கு இரண்டு கட்டம் மாற்றவேண்டும், நடு வரிசையில் மட்டும் ஒரு கட்டம் தள்ளி இரண்டாவதிலிருந்து. அதோடு வலப்பக்கத் துண்டுகளின் கடைசி நெடுவரிசையையும் மேல் கீழாக மாற்றவேண்டும். கூட்டிப் பார்த்தால் 505.

அப்புறம், பிறந்தநாள் சதுரம் போடவேண்டும் என்று யாராவது கேட்டால், இந்த வழிகள் எதுவும் தேவையில்லை, ஏனென்றால் அங்கே 1 முதல் 16 வரைதான் வரவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ராமானுஜன் பிறந்த தேதி 22-12-1887. முதல் வரிசையில் 22, 12, 18, 87 என்று எழுதிக்கொள்ளுங்கள், கூட்டினால் 139.

22 12 18 87
88 17 9 25
10 24 89 16
19 86 23 11

மேல் வரிசையின் நான்கு எண்களைத்தான் இடம் மாற்றிக் கொஞ்சம் கூட்டிக் குறைத்திருக்கிறது. இரண்டாம் வரிசை: நான்காம் எண்+1, மூன்றாம் எண்−1, இரண்டாம் எண்−3, முதல் எண்+3. மற்ற இரண்டு வரிசைகளையும் இதே மாதிரி நீங்களே பிரித்துப் பாருங்கள். எந்தத் தேதியைப் போட்டாலும் வரிசை, நெடுவரிசை, மூலைவிட்டம் எல்லாம் ஒத்துப்போகும். சில தேதிகளுக்கு ஒரே எண் இரண்டு தடவை வரலாம். ஜனவரியில் பிறந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் −2 வந்து முறைத்துக்கொண்டு நிற்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.