பின்லாந்தில் தேர்வே கிடையாதாமே, உண்மையா?

பாதி உண்மை. ஏழு வயதில் பள்ளி தொடங்கி ஒன்பதாம் வகுப்பு வரை நாடு தழுவிய பொதுத்தேர்வு கிடையாது, அவ்வளவுதான். வகுப்பில் ஆசிரியரே தேர்வு வைப்பார், மதிப்பெண்ணும் போடுவார். வீட்டுப்பாடமும் உண்டு, நம் அளவுக்கு இல்லை.

அப்புறம், மேல்நிலைப் பள்ளி முடிவில் ஒரு பொதுத்தேர்வு காத்திருக்கிறது. 1852 முதல் நடக்கிறது. ஒரு பாடத்துக்கு ஆறு மணி நேரம் வரை! பிள்ளைகள் சாண்ட்விச், பழம் எல்லாம் கட்டிக்கொண்டு போய், எழுதும்போதே கொறிப்பார்கள். 2019-இல் இருந்து எல்லாப் பாடமும் மடிக்கணினியில்தான்.

இடையில் பொதுத்தேர்வில்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஆசிரியரை நம்பித்தான். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கவே முதுகலைப் பட்டம் வேண்டும். அந்தப் படிப்பில் இடம் கிடைப்பதே பெரும் போட்டி. பள்ளிகளைச் சோதிக்க வரும் ஆய்வாளர் முறையை 1990-களின் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் நாம் பார்த்துக் கற்க வேண்டியது இதைத்தான். தேர்வை மட்டும் தூக்கினால் ட்யூஷன் சென்டர்கள் வேறு வழி கண்டுபிடித்துவிடும்.

அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் இல்லை. பல நாட்டு 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா (PISA) தேர்வில், பின்லாந்தின் கணித மதிப்பெண் 2006-இல் 548 ஆக இருந்த சராசரி, 2022-இல் 484.