அலகை மூட முடியாத நாரை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பறவைகளை வைத்து ஒரு சின்னப் பரீட்சை வைத்திருந்தேன். நிறம், உருவம் எதுவும் சொல்லாமல், அந்தப் பறவை என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்லி 'யார் இது?' என்று கேட்டதில் சிலருக்குக் கோபம். 'ஒரு படம் போட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போமே' என்று எழுதியிருக்கிறார்கள். படம் போடாததற்குக் காரணம் இருக்கிறது. வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறத்தில் கண்ணுக்கே தெரியாத மடையான், எழுந்து பறந்தால் வெள்ளைப் பறவை, குஞ்சு பொரிக்கும் காலத்தில் அதே மடையானுக்கு முதுகு கருஞ்சிவப்பு. முதுநகர் துறைமுகத்தில் மீன் கழிவுக்கு வட்டமடிக்கிற செம்பருந்துக்குத் தலை வெள்ளை என்று படத்தில் பார்த்து வைத்திருப்பவர், முழுக்கப் பழுப்பாக இருக்கும் அதன் இளம்பறவையைப் பார்த்தால் வேறு ஏதோ பருந்து என்றுதான் நினைப்பார். நிறம் வயதுக்கும் பருவத்துக்கும் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும், பழக்கம் அப்படி மாறாது. அதனால்தான் பழக்கத்தை வைத்துக் கேட்டேன், இனியும் அப்படித்தான் கேட்பேன். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

'அலகை முழுதாக மூட முடியாது, ஆனாலும் வயலில் இதற்குச் சாப்பாட்டுப் பஞ்சமே கிடையாது' என்று கேட்டிருந்தீர்கள். நத்தைகுத்தி நாரை என்று எழுதினேன். ஆனால் அந்த இடைவெளியில் நத்தையை வைத்து, பாக்குவெட்டி மாதிரி நசுக்கி ஓட்டை உடைக்கும் என்று என் மகன் சொல்கிறான். அப்படியா சார்?
வாசகர், காட்டுமன்னார்கோயில்

விடை சரி. மகன் சொல்வது பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஜூலியன் ஹக்ஸ்லி போன்ற பெரிய விலங்கியலாளரே, பாடம் செய்து வைத்த பறவைகளின் அலகையும் எழுதி வைத்த குறிப்புகளையும் ஆராய்ந்து இதே முடிவுக்குத்தான் வந்தார். பிறகு உயிருள்ள பறவை சாப்பிடுவதைக் கூர்ந்து கவனித்தவர்கள் அது அப்படியில்லை என்று காட்டினார்கள்.

வீராணத்துப் பாசன வயல்கள் உங்களுக்குப் பக்கம்தானே, நடவுக்கு முன்னால் சேறடித்துத் தண்ணீர் நிற்கும்போது வரப்போரம் நின்று பாருங்கள். நாரை பாதி திறந்த அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே நடக்கும். நத்தை தட்டுப்பட்டால் தலை வேகமாக ஆடும், ஆனால் அலகு நுனி தண்ணீருக்குள்ளேயே இருக்கும். அங்கே நடப்பது இதுதான்: மேல் அலகால் நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் நுனியை நத்தையின் வாயை மூடியிருக்கிற தகட்டுக்கு அடியில் செருகி, சதையை ஓட்டோடு பிடித்திருக்கிற தசையை அறுத்து, முழுதாக வெளியே இழுத்து விழுங்கிவிடும். அது போனபின் அந்த இடத்தில் குனிந்து தேடினால் காலி ஓடு கிடைக்கும், பெரும்பாலும் உடையாமல். உங்கள் மகன் கையில் அந்த ஓட்டைக் கொடுத்துவிடுங்கள், அதற்கு மேல் வாதம் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்லுங்கள். குஞ்சுக்கு அலகில் அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். ஆனாலும் இளம்பறவை நத்தை தின்னத்தான் செய்கிறது. நெல் வயலில் நத்தையைக் குறைத்துக் கொடுக்கிற பறவை இது. மருந்தடித்த வயலில் இறங்கினால் விஷம் நத்தை வழியாக இதன் வயிற்றுக்கும் போகும் என்பதை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சைபீரியா, ஆஸ்திரேலியாவிலிருந்து பறவைகள் ஊசுட்டேரிக்கு வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குஞ்சோடு திரும்பிப் போகின்றன என்று வருடா வருடம் செய்தி வருகிறதே. நீங்கள் 'வலசை வந்த இடத்தில் கூடு கட்டாதவர் யார்?' என்று கேட்டது புரியவில்லை.
வாசகி, வில்லியனூர்

அம்மா, அந்தச் செய்தியில் இரண்டு வேறு கூட்டத்தாரை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

ஏரியில் குளிர்காலத்தில் தண்ணீர்மேல் கூட்டம் கூட்டமாக மிதக்கிற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் இவையெல்லாம் வடக்கேயிருந்து வருகிறவை. அக்டோபர் வாக்கில் வந்து மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். இவை இங்கே வருவது சாப்பிடவும் குளிருக்குத் தப்பவும் மட்டும்தான். கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் அவற்றின் சொந்த ஊரில், அங்கே கோடை வந்து பகல் நீண்டு பூச்சி பெருகியிருக்கும் மாதங்களில். நம் ஏரியில் ஊசிவால் வாத்தின் கூட்டைத் தேடினால் கிடைக்காது.

மரத்தின்மேல் குச்சி அடுக்கிக் கூடு கட்டிக் கூச்சல் போடுகிற கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் இந்த நாட்டுக்காரர்கள். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே இடம் மாறிப் போவார்களே தவிர கடல் தாண்டுகிறவர்கள் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்து மீனும் தவளையும் பெருகும்போது குஞ்சுக்கு இரை தட்டில்லாமல் கிடைக்கும் என்பதால் அந்தச் சமயத்தில் கூடு கட்டுகிறார்கள். வாத்துகள் வருவதும் அதே மாதங்களில்தான், அதனால் பார்ப்பவர்களுக்கு எல்லாமே வெளிநாட்டுப் பறவை என்று தோன்றிவிடுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து நம் ஏரிக்குக் குஞ்சு பொரிக்க எந்தப் பறவையும் வருவதில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'விருந்தாளி' என்று நினைத்தால் அவர்கள் போனபிறகு ஏரியை யாரும் கவனிப்பதில்லை. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் சரணாலயம் ஆனது, பிச்சாவரம் 2022இலும் கழுவெளி 2024இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நல்ல விஷயம். ஆனால் கோடையில் தண்ணீர் இறங்கி, கரையில் குப்பையும் நடு ஏரியில் மாடும் நிற்கிற மாதங்களிலும் அங்கே பறவை வாழ்கிறது, அது உள்ளூர்ப் பறவை. பாகூர் ஏரி, பெருமாள் ஏரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எங்கள் வேப்பமரத்தில் பழுப்பு நிறத்தில் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு பறவை வருகிறது. சிவப்புக் கண். காக்கைகள் அதை விடாமல் துரத்துகின்றன. 'கிக் கிக் கிக்' என்று கத்திக்கொண்டே ஓடுகிறது. வல்லூறா?
வாசகி, முத்தியால்பேட்டை

பெண் குயில். போன இதழில் 'ஒரு நாளும் கூடு கட்டாது, ஆனால் வம்சம் குறையாது' என்று கேட்ட கேள்விக்கு விடையை வீட்டு மரத்திலேயே வைத்திருக்கிறீர்கள். 'கூ' என்று ஏறு குரலில் கூவுகிறது ஆண், அது கறுப்பு. பெண் அப்படிப் பாடாது.

கோடையில் காக்கை கூடு கட்டுகிற சமயத்தில் ஆண் குயில் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து கத்திக் காக்கையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும், அந்த இடைவெளியில் பெண் உள்ளே போய் முட்டையிட்டுவிடும். முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது, நிறம் ஏறக்குறைய ஒன்று. குயில் குஞ்சு சில நாள் முன்னதாகவே பொரிந்துவிடுவதால் தீனியில் முந்திக்கொள்ளும். மற்றக் குஞ்சுகளை முதுகால் தள்ளிவிடும் என்று ஐரோப்பியக் குயிலைப் பற்றிப் படித்ததை நம் குயிலுக்கும் சொல்கிறார்கள். நம் குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, காக்கைக் குஞ்சோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு.

உங்கள் தெருவில் மஞ்சள் அரளி இருந்தால் அதையும் கவனியுங்கள். நமக்கும் ஆடு மாட்டுக்கும் விஷமான அந்தக் காயைக் குயில் தின்னும். புதுச்சேரியின் மாநிலப் பறவை குயில், தமிழ்நாட்டுக்கு மரகதப்புறா. இதை ஒரு கேள்வியாக வைத்திருந்தேன், மாற்றி எழுதியவர்கள்தான் அதிகம்.

ஆள்காட்டி ராத்திரி மல்லாந்து படுத்து வானத்தைக் காலால் தாங்கிக்கொண்டு தூங்குமாம், பாட்டி சொன்னார்கள். உண்மையா அண்ணா? நான் எட்டாம் வகுப்பு.
மாணவர், நெல்லிக்குப்பம்

இல்லை தம்பி. ராத்திரியிலும் பாதி முழிப்பாகவே இருக்கிற பறவை அது. நாய் வந்தாலும் ஆள் வந்தாலும் ஊரையே எழுப்பிவிடும்.

பாட்டி சொன்னதைவிட ஆச்சரியமான ஒன்று அதனிடம் இருக்கிறது. அது கூடு என்று எதையும் கட்டாது. வெறும் தரையில், சரளைக் கல்லுக்கு நடுவே ஒரு சின்னக் குழியில் பெரும்பாலும் நாலு முட்டை, கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்தபடி. மண் நிறத்தில் கறுப்புத் திட்டு, இரண்டடி தள்ளி நின்றால்கூடக் கல்லா முட்டையா என்று தெரியாது. வெயில் கொளுத்தும்போது முட்டை வெந்துபோகாமல் இருக்க, தாயும் தகப்பனும் மாறி மாறித் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். போன இதழில் 'ஈர வயிற்றோடு வீடு திரும்புகிறவர்' என்று கேட்டது இதைத்தான். ஒருவர்கூடச் சரியாக எழுதவில்லை.

புறவழிச்சாலையோரம் மனை போட்டுக் கல் நட்டு வைத்திருக்கிற காலி இடங்களில் இப்போது நிறையக் கூடு வைக்கின்றன. அங்கே கிரிக்கெட் விளையாடப் போகும்போது ஆள்காட்டி தலைக்கு மேலே கத்தினாலோ, அடிபட்ட மாதிரிச் சிறகைத் தொங்கவிட்டு நொண்டினாலோ அதன் பின்னால் ஓடாதீர்கள். கூட்டைவிட்டு உங்களைத் தள்ளிக் கொண்டுபோகத்தான் அது அப்படி நடிக்கிறது. இருபது அடி தள்ளி ஸ்டம்பை நடுங்கள்.

'மீனை நம்பாத மீன்கொத்தி' என்ற கேள்வியே தப்பு. மீன்கொத்தி மீன்தான் கொத்தும்.
வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

வெண்மார்பு மீன்கொத்தியை ஒரு காலைப்பொழுது பாருங்கள் ஐயா. தண்ணீரே இல்லாத தெருவில் மின்கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளி, ஓணான், தவளை, நண்டு என்று பிடிக்கும். மீனும் தின்னும், ஆனால் அதை மட்டுமே நம்பியிருப்பதில்லை. கெடிலம் கரையில் ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நின்று தலைகீழாகத் தண்ணீரில் பாய்கிற கறுப்பு வெள்ளை மீன்கொத்திதான் நீங்கள் சொல்கிற ரகம்.

முன்பெல்லாம் எங்கள் ஊரில் கம்பிக்குக் கம்பி பனங்காடை உட்கார்ந்திருக்கும். இப்போது அருகிவிட்டது. ஏன்?
வாசகர், குறிஞ்சிப்பாடி

பனங்காடை தானாக மரத்தைத் துளைக்காது. பட்டுப்போன பனை, பழைய மரப்பொந்து என்று ஏற்கெனவே இருக்கிற ஓட்டை வேண்டும் அதற்கு. கிளி, மைனா, புள்ளி ஆந்தை எல்லாம் அதே பொந்துக்குப் போட்டி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் உங்கள் பக்கம் எத்தனை பழைய மரங்களைச் சாய்த்தது என்று உங்களுக்குத் தெரியும். கன்று நட்டால் பத்து வருடத்தில் நிழல் வரும், பொந்து வர அதைப்போலப் பல மடங்கு காலம் ஆகும். அதற்கு மேல் செங்கல் சூளைக்கென்று மொட்டைப் பனையை முதலில் வெட்டுகிறோம், 'பட்டமரம்தானே' என்று.

உங்கள் கொல்லையில் தலை போன பனை நின்றால், வீட்டின்மேல் விழாத தூரத்தில் இருந்தால், விட்டுவிடுங்கள். உயிரோடு இருக்கிற பனைக்கும் குடித்தனக்காரர் உண்டு: தொங்குகிற காய்ந்த ஓலைக்கு அடியில் எச்சிலால் இறகையும் பஞ்சையும் ஒட்டிக் கிண்ணம் செய்து வாழ்கிற பனை உழவாரன். ஓலை கழிக்கும் முன் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்.

சாலையோரம் மடையானையும் கொக்கையும் காலைக் கட்டி விற்கிறார்கள். இரக்கப்பட்டு வாங்கிப் பறக்கவிடலாமா?
வாசகி, அரியாங்குப்பம்

வேண்டாம் அம்மா. பணம் கைக்குப் போனால் நாளைக்கு இன்னும் இரண்டு பறவை பிடிப்பார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம், கூண்டுக்கிளியும் அப்படியே. இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

அடுத்த இதழுக்கு இரண்டு கேள்வி. ஒன்று: அலகைத் திறக்காமலே தொண்டையை உப்பிக்கொண்டு பகல் முழுக்க ஒரே தாளத்தில் சத்தம் போடும், முருங்கைக் கிளையைக் குடைந்து வீடு வைக்கும், யார்? இரண்டு: ஆண் பாதி வீடு கட்டி நிறுத்திவிட்டு, பெண் வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மீதியைக் கட்டும், யார்? பெயரோடு, நீங்கள் அதைப் பார்த்த ஊர், மரம், நேரம் மூன்றையும் எழுதுங்கள். அந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு இந்த முறை மதிப்பெண் கிடையாது.