கேள்வி–பதில்: பழைய உயிலுக்குப் பணம் கட்டும் முன்

இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடும் வாசகர்களின் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த வாரம் அவற்றுக்கு மட்டும் பதில்.

என் மனைவியின் முன்னோர் கென்ட் கவுண்டிக்காரர், 1811-இல் இறந்தவர். அவருடைய 'உயிலின் முழு நகல்' என்று ஒரு இணையதளத்தில் 140 பவுண்டு கட்டினேன். ஒரு பக்கத்துக்குத் தட்டச்சு செய்த சுருக்கம்தான் வந்தது. கேட்டால் பதில் இல்லை. (வாசகர், லெஸ்டர்)

உங்கள் மீது ஒரு தவறும் இல்லை. முழு நகல் என்று சொல்லிச் சுருக்கத்தைக் கொடுப்பது ஏமாற்று வேலை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கிக்கு எழுதுங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை என்றால், விற்றவரோடு சேர்ந்து கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவு. கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். டெபிட் கார்டு என்றால் 'சார்ஜ்பேக்' கேளுங்கள், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து வங்கியே திரும்பப் பெற்றுத் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த உயில். 1858 ஜனவரி 12-க்கு முன்னால் உயில்களை உறுதிசெய்தவை தேவாலய நீதிமன்றங்கள். சொத்து ஒரே வட்டாரத்துக்குள் இருந்தவர்களின் உயில்கள் பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகங்களில் இருக்கும். கென்ட்டுக்கு அது மெய்ட்ஸ்டோனில். பல இடங்களில் சொத்து வைத்திருந்தவர்கள், கடல் கடந்து இறந்தவர்கள் போன்றோரின் உயில்கள் கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்துக்குப் போயின. 1384 முதல் 1858 வரையிலான அதன் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதன் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். தேடக் காசு கிடையாது. இனி யாருக்காவது பணம் கட்டும் முன் இந்த இரண்டு இடங்களிலும் பார்த்துவிடுங்கள்.

எங்கள் குடும்பப் பெயருக்கான குலச் சின்னம் என்று சட்டம் போட்ட படம் ஒன்றை 60 பவுண்டுக்கு வாங்கினேன். இது ஆதாரமாகுமா? (வாசகி, ரெடிங்)

ஆகாது. அங்கே சின்னம் ஒருவருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. குடும்பப் பெயருக்கென்று சின்னம் இல்லை.

ஒரு கவுண்டியின் உயில் சுருக்கங்கள் மொத்தமாக மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. பழைய கையெழுத்தைப் படிக்கும் சிரமம் இல்லை. வாங்கலாமா? (வாசகர், கோவென்ட்ரி)

இதைப் பற்றி எனக்கு நெடுநாள் ஆற்றாமை உண்டு. சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒரு குறுந்தகட்டை 35 பவுண்டு கொடுத்து வாங்கினேன். மதராஸில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரின் உயில் அதில் ஐந்து வரி: மனைவி, இரண்டு மகன்கள், ஒரு வீடு. இரண்டு வருடம் அதை நம்பியிருந்தேன். பிறகு பதிவேட்டின் படத்தையே பார்த்தேன். மதராஸில் விட்டுவந்த ஒரு மகளுக்கும் அவள் தாய்க்கும் அவர் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியிருந்தார். அந்தத் தாயின் பெயர், ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதிய தமிழ்ப் பெயர். சுருக்கியவர் அந்த இருவரையும் அப்படியே விட்டுவிட்டார். அவர்களின் வழிவந்தவர்கள் யாராவது அந்தக் குறுந்தகட்டில் தேடியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

சுருக்குகிறவர் கை வைப்பது எப்போதும் இப்படிப்பட்டவர்கள் மீதுதான்: வேலைக்காரர்கள், மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள், பெண்கள். 1882-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டம் வரும்வரை, மணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் உயில் எழுதுவது அரிது. அதனால் அவளை அப்பாவின் உயிலிலோ அண்ணனின் உயிலிலோதான் தேட வேண்டும். அங்கே அவள் பெயர் ஒரு போர்வையோடும் பத்து பவுண்டோடும் ஒரு வரியில் வரும். அந்த வரிதான் சுருக்கத்தில் முதலில் போகிறது.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'நேச்சுரல் டாட்டர்' என்றிருந்தால் பெரும்பாலும் மணத்துக்கு வெளியே பிறந்த மகள். 'சன் இன் லா' என்றால் இன்று மருமகன்; அந்தக் காலத்தில் மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த மகனையும் குறித்தது. இவற்றை மூலத்தில் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டும். பழைய கையெழுத்து கண்ணுக்குப் பிடிபட ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான். வாங்காதீர்கள்.

வம்சாவளித் தளம் ஒன்றில் 14 நாள் இலவசம் என்று சேர்ந்தேன். மறந்துவிட்டேன். ஒரு வருடக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். மோசடிதானே? (வாசகர், ஹாரோ)

இல்லை. ரத்து செய்யாவிட்டால் பணம் எடுப்போம் என்ற வரி, நீங்கள் எனக்கு அனுப்பிய பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு மோசடி என்றால் நான் என்ன செய்வது? உடனே எழுதிக் கேட்டுப் பாருங்கள், சில நிறுவனங்கள் மனமிரங்கும். பல பொது நூலகங்களில் இதே மாதிரித் தளங்களை உள்ளே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளம் எப்போதுமே இலவசம்.

உயிலில் கையெழுத்து 1720 டிசம்பர். நீதிமன்றம் உறுதிசெய்தது 1720 பிப்ரவரி. போலி நகலை விற்றுவிட்டார்கள், பணம் திரும்பக் கேட்கலாமா? (வாசகி, ஸ்லவ்)

கேட்காதீர்கள், நகல் சரியானது. 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. டிசம்பருக்கு அப்புறம் வந்த பிப்ரவரியும் 1720தான். இன்றைய கணக்கில் 1721.

டெவன் கவுண்டியில் 1790-இல் இறந்த விவசாயி ஒருவரின் உயிலை 'எக்ஸீட்டர் மூலத்திலிருந்து' எடுத்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். (வாசகர், பிரிஸ்டல்)

கொடுக்காதீர்கள். எக்ஸீட்டரில் வைத்திருந்த உயில்கள் 1942-இல் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோயின. அதற்கு முன்பே சிலர் எடுத்துவைத்த குறிப்புகள் உண்டு. வரித்துறைக்காக எடுத்த நகல்களும் தப்பின, ஆனால் அவை 1812 முதல் 1857 வரைக்குத்தான். எக்ஸீட்டரிலுள்ள டெவன் ஆவணக் காப்பகத்துக்கு நேரடியாக எழுதுங்கள். அந்த விவசாயியின் மகனோ மகளோ 1812-க்குப் பின் இறந்திருந்தால் அவர்கள் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.