வேர் சிகிச்சை: கை ஃபைலா, இயந்திர ஃபைலா?

கேள்வி: என் வயது 42. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தேவை என்கிறார்கள். ஒரு மருத்துவர் கையால் சுத்தம் செய்வதாகவும் மூன்று முறை வர வேண்டும் என்றும் கூறுகிறார். இன்னொருவர் இயந்திரத்தால் ஒரே நாளில் முடிக்கலாம் என்கிறார். இயந்திர ஊசி வேருக்குள் உடைந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்துகிறார். எது நல்லது?

பதில்: எத்தனை முறை வர வேண்டும் என்பதைப் பல்லின் நிலையே முடிவு செய்கிறது. பல்லின் வேருக்குள் ஓடும் குழாய்களுக்குள் சீழ் ஊறிக்கொண்டிருந்தால், எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் இடையில் மருந்து வைத்துக் காத்திருக்க நேரிடலாம். இயந்திரம் சுத்தம் செய்யும் நேரத்தைக் குறைக்கிறது என்பது உண்மை. நெடுநேரம் வாயைத் திறந்திருக்க இயலாதவர்களுக்கு அது பெரிய உதவி.

கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்புற வேரில் பெரும்பாலும் இரண்டு மெல்லிய, வளைந்த குழாய்கள் இருக்கும். ஃபைல் என்பது குழாயின் உட்சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற கருவி. கை ஃபைல்கள் வழக்கமாகத் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. தடிமன் கூடக் கூட அவை விறைத்து, வளைவுக்குள் நிமிரப் பார்க்கும். அப்போது குழாயின் சுவரில் படி விழவோ, பாதையே இயல்பிலிருந்து விலகவோ கூடும். நிக்கல்-டைட்டானியம் கலவையில் ஃபைல் செய்யும் முயற்சி 1988இல் வெளியான பிறகுதான் இந்தச் சிக்கலுக்கு நல்ல வழி பிறந்தது. அந்த உலோகம் வளைவோடு வளைந்து செல்வதால், பெரும்பாலும் நிமிடத்துக்கு 250 முதல் 350 சுற்று வரையான வேகத்தில் சுழலும்போதும் குழாயின் வடிவத்தைப் பெரிதும் காக்கிறது. சுரண்டிய துகள்களை வெளிப்புறமாக இழுத்துவருவதால், சிகிச்சைக்கு அடுத்த ஓரிரு நாள் வலியும் சற்றுக் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனாலும் கை ஃபைலை ஒதுக்கிவிட முடியாது. நுனி 0.10 மி.மீ. மட்டுமே உள்ள மெல்லிய கை ஃபைலை முதலில் செலுத்தி, பாதை எங்கே திரும்புகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று விரல்நுனியால் உணர்ந்த பிறகே இயந்திர ஃபைலை இறக்குவது பாதுகாப்பானது. அந்த உணர்வை மோட்டார் தராது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது ஒன்றுண்டு. நுண் சி.டி. ஸ்கேன் வழியே ஆராய்ந்தபோது, எந்த ஃபைலைப் பயன்படுத்தினாலும் குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தீண்டப்படாமலே இருந்தது தெரியவந்தது. குழாய்கள் உருண்டையாக இல்லாமல் தட்டையாகவும் கிளைகளோடும் இருப்பதே காரணம். ஃபைல் வழி திறக்கிறது. அது எட்டாத இடங்களில் உள்ள கிருமிகளைக் கொன்று திசுக்களைக் கரைப்பது, அவ்வழியே செலுத்தப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். அதைப் போதிய அளவில், போதிய நேரம் விடாமல் அவசரமாக முடித்தால், விலையுயர்ந்த இயந்திரமும் பயன் தராது.

உடைவதைப் பற்றிய அச்சம் ஆதாரமற்றதன்று. வளைவுக்குள் சுழலும் ஃபைல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புறம் இழுபட்டு மறுபுறம் அழுத்தப்படுவதால் உலோகம் களைத்து, கண்ணுக்குத் தெரியும் அறிகுறி ஏதுமின்றி முறியலாம். முறுக்குவிசைக்கு எல்லை வைத்த மோட்டாரும், ஃபைல்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்தாத ஒழுங்கும் இந்த அபாயத்தைக் குறைக்கின்றன. கை ஃபைலும் முறிவதுண்டு. முறிந்த துண்டு தன்னளவில் நோயை உண்டாக்குவதில்லை. அதற்கு அப்பால் கிருமிகள் எஞ்சினவா என்பதைப் பொறுத்தே பல்லின் எதிர்காலம் அமையும். துண்டை எடுக்கவோ, அதன் பக்கமாகக் கடந்து செல்லவோ பல சமயங்களில் முடியும். எப்படியாயினும் அதை உங்களிடம் மறைக்காமல் சொல்வது மருத்துவரின் கடமை.

ஆகவே இரு மருத்துவர்களிடமும் ரப்பர் டேம் (பல்லில் எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் விரிப்பு) பொருத்துவார்களா, குழாயின் நீளத்தை எக்ஸ்-ரேயாலோ மின்கருவியாலோ அளப்பார்களா, எந்தக் கரைசலால் எவ்வளவு நேரம் கழுவுவார்கள் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவர் கை ஃபைலையே அதிகம் நம்புபவராக இருந்தாலும் நான் அவரிடமே அனுப்புவேன். இரண்டையும் சேர்த்துக் கையாளத் தெரிந்தவராக இருந்தால், உங்கள் பல்லைப் போன்ற வளைந்த வேருக்கு அது இன்னும் நல்லது. இப்போதே கன்னம் வீங்கியோ காய்ச்சலோ இருந்தால், இந்த ஒப்பீட்டில் நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.