ஒரே ஓட்டலில் மதியம் 3 மணிக்கு 50 சதவீதத் தள்ளுபடி, இரவு 8 மணிக்கு வெறும் 10. மேசை பதிவு செய்யும் செயலிகளில் ஏன் இப்படி?

மதியம் காலியாகக் கிடக்கும் மேசையை எடுத்துவைத்து இரவில் விற்க முடியாது. வாடகை, சம்பளம், ஏசி எல்லாம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும். பாங்காக்கில் தொடங்கிய ஈட்டிகோ செயலியின் பிழைப்பே இதில்தான்: நேரத்துக்கு நேரம் வேறு தள்ளுபடி, அதிகபட்சம் 50 சதவீதம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பில் 1,000 ரூபாய், அதில் அரிசி, காய்கறி, இறைச்சிச் செலவு 300 என்று வையுங்கள். பாதி விலைக்குக் கொடுத்தால் 500 வரும், 300 போக 200 மிச்சம். செயலிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போனாலும், காலி மேசைக்கு இது பரவாயில்லை. குடிக்கிற ஐட்டங்களுக்குப் பெரும்பாலும் தள்ளுபடி கிடையாது. அதிலும் கொஞ்சம் தேறும்.

ஆனால் இரவு 8 மணிக்கு முழு விலை கொடுத்திருக்கக்கூடிய அதே ஆள் பாதி விலைக்காக 6 மணிக்கு நகர்ந்துவிட்டால்? 700 மிஞ்ச வேண்டிய இடத்தில் 200தான். அதனால் விவரமான முதலாளி 6 மணி நிரம்பத் தொடங்கியதும் சதவீதத்தை இறக்குவார், மழைநாளில் ஏற்றுவார். கூட்ட நேரத்திலும் ஒரே சலுகை என்றால் கைக்காசுதான் கரையும். 2019 ஆகஸ்டில் இந்தியாவில் நூற்றுக்கணக்கான உணவகங்கள் ‘லாக்அவுட்’ என்று சொல்லி சந்தா கட்டியவர்களுக்கு ஓட்டலில் சலுகை தரும் சொமேட்டோ கோல்டு போன்ற திட்டங்களிலிருந்து வெளியேறியது இந்த மிதமிஞ்சிய தள்ளுபடியை எதிர்த்துத்தான்.

மாலை 4 மணிக்கே பசிக்கிறவர்களுக்கு யோகம். சேவைக் கட்டணத்தைத் தள்ளுபடிக்கு முந்தைய தொகையில் போடுகிறார்களா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.