ஹைலக்ஸ் பிக்கப்புக்கு 4 இன்ச் லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்) போடலாமா, 2 இன்ச் போதுமா? எந்த பிராண்ட் நல்லது?

4 இன்ச் என்று படித்ததும் எங்கள் வீட்டுச் சிவப்பு முக்காலிதான் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பழைய விகோ மாடல் வாங்கியிருக்கிறேன், தோட்டத்துப் பாதையில் ஓட்டுகிறேன், கடையில் 4 இன்ச் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். வயது முப்பதுக்குள் இருக்கும். வண்டிக் கடன் இன்னும் பல வருஷம் பாக்கி. தெரிந்தவர் யாருடைய ஹைலக்ஸோ உங்களுடையதைவிட உயரமாக நிற்கிறது, அது தூங்க விடவில்லை. தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள் தம்பி. தங்கச்சியாக இருந்தால் இன்னும் பெரிய மன்னிப்பு. நானும் பெண்தான். வண்டி என்றாலே ஆம்பளைதான் கேட்பான் என்று நினைக்கும் பழக்கம் எனக்கும் இன்னும் போகவில்லை.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். தாத்தா பால் மரம் (ரப்பர்) சீவியவர், அப்பா தோட்டத்தில் தண்டலாக, அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவராக இருந்தவர். எங்கள் ஊருக்கு அருகே லாசா பக்கம் அப்பா வாங்கிப் போட்ட மூன்று ஏக்கர் செம்பனையை (எண்ணெய்ப் பனை), அவர் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு வெட்டு. ஒரு வெட்டுக்கு முக்கால் டன் வரை குலை இறங்கும், இரண்டு நடை அடிக்க வேண்டும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் மில்லில் சேர்த்தால்தான் எண்ணெய் நன்றாக இருக்கும், கிடக்கக் கிடக்க அமிலம் ஏறும். அதனால் மழை, சேறு என்று காரணம் சொல்லி வீட்டில் உட்கார முடியாது. கெத்துக்காக வண்டி வைத்திருப்பவள் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும்.

ஆனால் 2019-ல் கெத்துக்காகத்தான் செய்தேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் நிலத்துக்குப் போகும் செம்மண் பாதையில் ஒரு திருப்பம் உண்டு. குலை லோரிகள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மாட்டு முதுகு மாதிரி ஒரு மேடு. மழைக்காலத்தில் அங்கே போனால் வண்டியின் அடிப்பகுதி 'கர்ர்ர்' என்று உரசும். ஒரு தடவை மாட்டிக்கொண்டு, பக்கத்து நிலத்துக்காரர் டிராக்டர் கொண்டுவந்து இழுக்கும்படி ஆயிற்று. அவர் இழுத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலை" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமே வண்டியை ஒரு கடையில் விட்டேன்.

கடையில் இருந்த பையன் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டான், மரியாதைக்குக் குறைவில்லை. விஷயத்தை மட்டும் என் வீட்டுக்காரரிடமே சொன்னான். அவரிடம் இருப்பது பி2 லைசன்ஸ், மோட்டார் சைக்கிள் மட்டும்தான். "அண்ணே, 4 இன்ச் போட்டா எந்த மேடும் உரசாது" என்றான். இவரும் தலையாட்டினார். 1,600 வெள்ளி (ரிங்கிட்).

அதில் என்ன போட்டார்கள் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. முன்னால் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு தடித்த வட்டு. விகோவின் முன்பக்க அமைப்பில் அந்த வட்டின் தடிமனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்கரத்தில் உயரும். அதனால் 2 இன்ச் வட்டு போட்டாலே 4 இன்ச் வந்துவிடும். பின்னால் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டை, அதைப் பிடிக்க நீளமான யூ-போல்ட், கொஞ்சம் நீளமான அப்சார்பர். அவ்வளவுதான். கிட் என்று வாங்கியதில் ஒரு ஸ்பிரிங்கூட இல்லை. பத்து வருஷம் குலை ஏற்றித் தளர்ந்துபோன அதே பட்டைதான் கட்டைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயந்திரம் அம்மாவை ஈப்போவுக்குக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். அம்மா கதவைத் திறந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்து, புடவையைத் தூக்கிச் செருகி, ஒரு காலை வைத்தார். இன்னொரு கால் தரையைவிட்டு எழவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் அப்படியே தொங்கினார். "என்னாடி இது, ஏறுறதுக்கா தொங்குறதுக்கா?" என்றார். வீட்டுக்குள் போய், குளியலறையில் துணி துவைக்க உட்காரும் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து வைத்தேன். அன்றிலிருந்து பதினோரு மாதம் அந்த முக்காலி எங்களோடு கோயிலுக்கும் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் பின்தட்டில் பயணம் செய்தது. மண்டபத்து வாசலில் ஏறி இறங்கும்போது எல்லாரும் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அழுகை வரும், எனக்குக் கோபம் வரும்.

சரி, மேட்டைச் சொல்கிறேன். லிஃப்ட் போட்ட பிறகு முதல் வெட்டு. அதே திருப்பம், அதே மேடு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விட்டேன். அதே இடத்தில் அதே 'கர்ர்ர்'.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். உரசியது பின் டிஃப் (இன்ஜின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்), அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி தொங்குமே, அதுதான். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். லிஃப்ட் போடுவதற்கு முன்னாலும் ஒரு சாண்தான். ஏனென்றால் பின் அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கையோ கட்டையையோ வைத்து உயர்த்தினால் அச்சுக்கு மேலே உள்ளதுதான் உயரும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். முன்பக்கம் வேறு: விகோவில் முன் டிஃப் சேஸிஸோடு சேர்ந்திருப்பதால் அது உயரும். ஏற்ற இறக்கத்தில் மூக்கு இடிக்காது, பக்கவாட்டு இடிக்காது, பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். இவையெல்லாம் உண்மையான லாபம், மறுக்கவில்லை. ஆனால் என் பிரச்னை பூசணிக்காய். அதைக் கடையில் யாரும் குனிந்து பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஐந்தாம் மாதம் முன் டயரின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தது. முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்துவிட்டது. 4 இன்ச் உயர்த்தினால் அந்த ஷாஃப்ட் அதிகமாகச் சாய்ந்து ஓட வேண்டும், ரப்பர் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து கிழியும். கிழிந்த வழியாகச் செம்மண் உள்ளே போகும். அப்புறம் ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்தால் 'டக் டக் டக்'. முன் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் மேல் கையை (அப்பர் ஆர்ம்) மாற்றாமல் இவ்வளவு உயர்த்தினால் சக்கர அலைன்மென்ட்டும் சரியாக வராது. வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வர வேண்டும் அல்லவா? என்னுடையது வராது, நான்தான் இழுத்து வர வேண்டும்.

இதெல்லாம் காசோடு போய்விடும். பிரேக்தான் பயமுறுத்தியது. என் வண்டியில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பி உண்டு. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அந்தக் கம்பி அசைந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும்படி செய்யும். கட்டை வைத்து உயர்த்தியதும் வண்டி எப்போதுமே காலியாக இருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டது. நானூறு கிலோ குலையோடு, மழையில், இறக்கத்தில் பிரேக் மிதித்தேன். முன்பக்கம் குப்புற இறங்கியதே தவிர வண்டி நிற்கவில்லை. முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரர் ஓரத்தில் ஒதுங்கியதால் தப்பித்தோம். பின்பக்கத்தை உயர்த்தினால் அந்தக் கம்பியின் பிடியையும் அதே அளவு மாற்றி அமைக்க வேண்டும். பிரேக் ஓஸ் நீளம் போதுமா என்று சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் இந்த இரண்டையும் தானாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஈப்போவில் ஒரு வயதான சீன ஃபோர்மனிடம் போனேன். எத்தனை இன்ச் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "ஹரி-ஹரி பாவா அப்பா?" என்றார். மலாயில் தினமும் என்ன ஏற்றுகிறாய் என்று அர்த்தம். அதுவும் என்னைப் பார்த்துக் கேட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் நானூறு கிலோ, மற்ற நாளெல்லாம் அம்மாவும் கறிகாய்ப் பையும் என்றேன். "அப்படியென்றால் கனமான பட்டை வேண்டாம், காலியாகப் போகும்போது ஆடு மாதிரி துள்ளும்" என்றார். நடுத்தரப் பாரத்துக்கான பட்டை, முன்னால் அதற்கேற்ற புது ஸ்பிரிங், நான்குக்கும் புது அப்சார்பர். உயரம் 2 இன்ச்தான். பழைய மேல் கையிலேயே அலைன்மென்ட் வந்துவிட்டது. என் வண்டிக்கு வந்தது என்றுதான் சொல்கிறேன், உங்களுடையதற்குப் போட்டுப் பார்த்துதான் தெரியும்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பட்டையின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முடுக்கவில்லை. கீழே இறக்கி, வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முடுக்கு. தொங்கும்போதே முடுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியுமாம். யூ-போல்ட் புதுசு, பழையதைத் திரும்பப் போடவில்லை. 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா, மறுபடி முடுக்க வேண்டும் என்றார். எல்லாம் சேர்த்து 3,900 வெள்ளி. முதல் 1,600 தண்ணீரில் போட்டது போல.

டயர் அளவை 265/70-லிருந்து 265/75-க்கு மாற்றினேன், ரிம் அதே 16. விட்டம் 26 மில்லிமீட்டர் கூடுகிறது, அதில் பாதி, 13 மில்லிமீட்டர்தான் பூசணிக்காய்க்குக் கிடைக்கும். வேக மீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டும்: நெடுஞ்சாலையில் 110 காட்டும்போது உண்மையில் 114 பக்கம் போகிறீர்கள். கேமரா இருக்கும் இடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேட்டை என்ன செய்தேன்? இரண்டு பேரை மண்வெட்டியோடு கூட்டிப் போய் அரை நாளில் செதுக்கிவிட்டேன். 150 வெள்ளியும் மத்தியானச் சோறும்.

இப்போது சிலர் வருவார்கள், தெரியும். 1997-லிருந்து நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சாலஞ்ச் என்ற காட்டுவழிப் போட்டி வண்டிகளைப் பார்த்ததில்லையா, எவ்வளவு உயரம், எவ்வளவு பெரிய டயர் என்பார்கள். பார்த்திருக்கிறேன். அவர்கள் மழைக்காலமாகப் பார்த்து, வண்டியை இழுக்கும் வின்ச்சோடு, சேற்றைத் தேடிப் போகிறவர்கள். நான் சேற்றைப் பார்த்தால் சுற்றிப் போகிறவள். 4 இன்ச்சே தப்பு என்று நான் சொல்லவில்லை. மேல் கை, டிஃப் இறக்கும் கிட், சரியான நீள அப்சார்பர் எல்லாம் போட்டு முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு 1,600 வெள்ளி போதாது, அவ்வளவுதான். பழைய இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி ஸ்டார்ம் வைத்திருப்பவர்கள் முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் முறுக்குக் கம்பியை, அதாவது டார்ஷன் பாரை முடுக்கினால் போதுமே என்பார்கள். முடுக்கினால் உயரும், ஆனால் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்து, ஒவ்வொரு குழியிலும் 'டொக்' என்று முட்டும்.

பிராண்ட் கேட்டீர்கள். ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ் எல்லாம் ஆஸ்திரேலியா, புரோஃபெண்டர் தாய்லாந்து. பெயரைவிட, ஒரே ஒரு அப்சார்பர் கசிந்தால் அந்த ஒன்று மட்டும் உங்கள் ஊர்ப் பக்கம் கிடைக்குமா என்று கேளுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனை என்று வரும், போடுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். "இதுக்கெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்று கடையில் சொன்னால், அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வண்டி நன்றாக ஆனதும் ஊரே அதைக் கடன் கேட்கும். எங்கள் பக்கத்துக் கோயில் ஆடித் திருவிழாவுக்கு மூன்று நாள் ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றி இறக்கினேன், என் டீசல். நன்றி நோட்டீஸில் 'ஹைலக்ஸ் உபயம்' என்று போட்டு என் வீட்டுக்காரர் பெயரை அச்சடித்திருந்தார்கள். பி2 லைசன்ஸ்காரர்! கேட்டால், "குடும்பத் தலைவர் பெயர்தானம்மா வழக்கம்" என்கிறார் ஒரு கமிட்டிக்காரர். இந்த வருஷம் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஏற்றினேன். சாமிக்குச் செய்ததை எண்ணக் கூடாதுதான். நான் எண்ணுகிறேன்.

போடுவதற்கு முன் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். போட்ட பிறகும், ஆறு மாதம் கழித்தும் அளந்து பாருங்கள், ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டதா என்று தெரியும். அப்படியே வீட்டுப் பெரியவர்களை ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். என் அம்மா இப்போது பக்கப்படியில் கால் வைத்துத் தானே ஏறுகிறார். முக்காலி குளியலறைக்குத் திரும்பிவிட்டது.

வண்டிப் படம் கேட்டால் நாளைக்குப் போடுகிறேன். இன்றைக்கு நாத்தனார் வீட்டில் அலமாரி ஏற்றிக்கொண்டிருக்கிறது.