வெள்ளியில் மழை பெய்தால் என்ன?

அன்புள்ள ஐயா,

அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வாரம் ஒரு பாடவேளை கதை நேரம். இந்த ஆண்டு அறிவியல் புனைகதைகளை வாசித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். ஆனால் பழைய கதைகளில் அறிவியல் தப்பாக இருக்கும், பிள்ளைகள் அதையே நம்பிவிடுவார்கள் என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். எதை வைத்துக் கதைகளைத் தேர்ந்தெடுப்பது?

- ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

தப்பாக இருக்கும் என்று அவர் சொல்வது உண்மைதான். அதற்காகக் கதையை ஒதுக்க வேண்டியதில்லை. ரே பிராட்பரி 1954இல் எழுதிய 'ஆல் சம்மர் இன் எ டே' கதையில் வெள்ளிக் கோளில் ஓயாத மழை. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இரண்டே மணி நேரம் வெயில் அடிக்கும். அந்தக் கோளின் மேகங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அப்போது யாரும் பார்த்ததில்லை. 1962 டிசம்பரில் மாரினர் 2 விண்கலம் அருகில் போய், மேகத்தைத் தாண்டி வரும் நுண்ணலைகளை அளந்தது. அங்கே கொடும் சூடு என்பது அதில் உறுதியானது. தரையில் சுமார் 460 டிகிரி செல்சியஸ், ஈயமே உருகிவிடும். கதையை முடித்துவிட்டு இதைச் சொல்லுங்கள். "அப்ப அவருக்கு ஏன் தெரியல?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். உங்கள் நண்பர் அடுத்த பாடவேளையை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

எனக்கு பயம் வேறு வகைக் கதைகளிடம்தான். விஞ்ஞானி மாமா லீவுக்கு ஊருக்கு வருவார். பையன் ஒரு கேள்வி கேட்பான். மாமா ஒன்றரைப் பக்கத்துக்கு பதில் சொல்வார். "அப்படியா மாமா!" என்று பையன் வாய் பிளப்பான். அறிவியலில் பிழை இருக்காது, ஆனால் கதை எங்கே? தமிழில் இந்த மாமாக்களுக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் பட்டியலில் இருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

ஒரு கதை கைக்கு வந்தால், நம் உலகத்திலிருந்து அது எத்தனை விஷயங்களை மாற்றியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்த வயதுக்கு ஒரு மாற்றம் போதும். வேற்றுக்கிரகம், காலப்பயணம், ரோபோ மூன்றும் சேர்ந்து வந்தால், யார் எங்கே இருக்கிறார்கள் என்பதிலேயே பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். ஐசக் அசிமோவின் 'தி ஃபன் தே ஹேட்' கதையைப் பாருங்கள். 2157இல் பள்ளிக்கூடம் கிடையாது, வீட்டுக்கு வீடு இயந்திர ஆசிரியர். மாற்றம் அவ்வளவுதான். பதினொரு வயது மார்ஜிக்கு வீட்டுப்பாடத்தைக் கண்டால் ஆகாது, அது மட்டும் மாறவே இல்லை! அந்தப் பாடத்தையும் அவள் துளைக்குறிகளில், அதாவது அந்தக் காலக் கணினிகளுக்கான துளை போட்ட அட்டைக் குறியீட்டில், எழுதி இயந்திரத்தின் ஓர் இடுக்கில் போட வேண்டும். 1951இல் எழுதியவருக்கு எதிர்காலம் அப்படித் தெரிந்திருக்கிறது. செல்போன் பார்த்து வளரும் உங்கள் பிள்ளைகள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. இதை ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடமாக வைத்திருந்தது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, முதலில் வெளிவந்ததே சிறுவர் பத்திரிகையில்தான். தமிழில் நீங்களே சொந்தமாகச் சொல்லிவிடலாம், சின்னக் கதை.

அடுத்தது, கதை எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். பிராட்பரி கதையில் வெயிலுக்காக ஏங்கும் ஒரு சிறுமியை வகுப்புப் பிள்ளைகளே அலமாரி அறையில் பூட்டிவிடுகிறார்கள். வெயில் வந்து போய்விடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, அதாவது உங்கள் நான்காம் வகுப்பு. ஒதுக்கப்படும் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம், அது யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். நானாக இருந்தால் ஐந்தாம் வகுப்புக்கு மட்டும், அதுவும் மூன்றாம் பருவத்தில்தான் வாசிப்பேன்.

சரி, தொடக்கத்துக்கு எது? சத்யஜித் ராய் 1962இல் எழுதிய 'பங்குபாபுவின் நண்பன்'. நாயகன் உங்களைப் போலவே ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர், பிறர் கேலி செய்தாலும் கோபப்படத் தெரியாதவர். மூங்கில் தோப்பில் வேற்றுக்கிரகவாசி ஒருவரைச் சந்திக்கிறார். வந்தவர் துப்பாக்கி நீட்டவில்லை, பூமியை அழிக்கவில்லை. பங்குபாபு ஆசைப்பட்ட வட துருவத்தை உட்கார்ந்த இடத்திலேயே காட்டுகிறார். இவ்வளவு சாதுவாக இருப்பது நல்லதல்ல என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். அப்புறம் பங்குபாபு கேலிக்காரர்களிடம் போய் என்ன செய்தார் என்பதை அன்றைக்கே சொல்லிவிடாதீர்கள். அவர் என்ன செய்திருப்பார் என்று பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று எழுதி வரட்டும், முடிவை அடுத்த வாரம் வாசித்துக்கொள்ளலாம்.